டிபன் டப்பாவில் ஒரு கிழிந்த சத்தம்

ஸ்பீக்கர் கிழிந்தால் என்ன சத்தம் வருமோ, அதைக் கிழியாத ஸ்பீக்கரிலிருந்து வரவழைப்பதற்காக நான் ஒரு கோடை முழுவதும் பாடுபட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் இன்றைய இளவட்டங்கள் கும்பிடாத குறையாகக் கேட்கிறார்கள். "சார், ஜெர்மானியம் டிரான்சிஸ்டரா? ஒரிஜினலா?" என்று கண்ணை விரிக்கிறார்கள். என்னவோ நான் மலையுச்சியில் உட்கார்ந்து தவம் செய்தது போலப் பேசுகிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. மேடையில் நான் நின்றுகொண்டிருந்த இடம் பறிபோக இருந்தது. அது போகாமல் இருக்க என்னால் ஆன கூத்தை அடித்தேன், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கம். பகலில் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார் நான். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தேன். எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் தொற்றிய பழக்கம் அது. அங்கே கிட்டார்க்காரனுக்கு மூன்று கார்டுக்கு மேல் விரல் பிடிக்கத் தெரிந்தால் சந்தேகப்படுவார்கள். அதனால்தான் கச்சேரிப் பக்கம் போனேன். போன இடம் அதைவிட மோசம் என்பது போன பிறகுதான் தெரிந்தது.

குழுவின் தலைவரை நாங்கள் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். பகலில் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறவர். அக்கார்டியன் வாசிப்பார். வாசிப்பார் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார் என்று பொருள். காளவாசலில் அவர் வீட்டு மாடியறைதான் எங்கள் ஒத்திகைக்கூடம். அங்கே ஒரு ரெக்கார்டு பிளேயர் இருக்கும். ஒரு வரி ஓடவிட்டு ஊசியைத் தூக்குவார். நாங்கள் அந்த வரியை வாசிக்க வேண்டும். தொடையில் பட்டென்று தட்டி, "ரெக்கார்டுல இப்படியா இருக்கு?" என்பார். ஊசி மறுபடியும் இறங்கும். ரெக்கார்டில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் எங்கள் பாடகனும் மூச்சு வாங்க வேண்டும். அவனுக்கு வேறிடத்தில் மூச்சு முட்டினால் அது அவன் பாடு.

மாஸ்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஊரே அப்படித்தான் இருந்தது. கச்சேரிக்கு வருகிறவர்கள் பாட்டுக் கேட்க வரவில்லை, விடைத்தாள் திருத்த வந்தார்கள். முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் ஒருவன். புல்லாங்குழல் ஒரு சுற்று கூடச் சுற்றிவிட்டால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். சரியாக வந்துவிட்டால், "அச்சு அசல்" என்று தலையாட்டுவான். அச்சு அசலைக் கேட்க வேண்டுமென்றால் டீக்கடையில் ரேடியோவே கேட்கலாமே, எதற்கு எங்களைக் கூப்பிட்டுப் பளபளவென்று ஒரே நிறத்தில் சட்டை போடச் சொல்லி நிற்கவைக்கிறீர்கள் என்று ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நானும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றேன். அதைப் போட்டுக்கொள்ள எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த வருடம் மாசி மாதத்தில் மாஸ்டரின் மருமகனுக்குச் சிங்கப்பூரிலிருந்து ஓர் எலெக்ட்ரிக் ஆர்கன் வந்து சேர்ந்தது. அக்கா மகனுக்குத் தன் பெண்ணையே கொடுத்திருந்தார் என்பதால் மருமகன் இரட்டை உரிமையுள்ள மருமகன். ஆர்கனில் வரிசையாகப் பட்டன்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு வாத்தியத்தின் பெயர் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பதாலேயே அது அந்த வாத்தியம்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். வயலின் பட்டனை அமுக்கினால் ஜலதோஷம் பிடித்தவர் முனகுவது போல ஒன்று வரும். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "வயலினு, வயலினு" என்பார். எங்கள் வயலின்காரர் மறு வாரத்திலிருந்து வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கும் அந்த நாள் வந்தது. ஒத்திகை முடிந்து படியிறங்கப் போனவனை மாஸ்டர் தோளில் கைபோட்டு நிறுத்தினார்.

"மாப்ள, கோவிச்சுக்கிறாத. இதுல ஒரு பட்டன அமுக்குனா கிடாரு வந்துருது. மேடையில இடமும் பத்தல."

"அது கிட்டார் சத்தம் இல்ல மாஸ்டர்."

"கேக்குறவனுக்கு எம்புட்டு தெரியும்?" என்றார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அது.

அப்போது எந்தத் திருமண வீட்டிலும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டு என் நினைவுக்கு வந்தது. அதில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் ஒரு கிட்டார் பிட்டு வரும். சாதாரணக் கிட்டார் இல்லை. தந்தி ஒவ்வொன்றும் உறுமிக்கொண்டு, பிசிறடித்துக்கொண்டு, நீளமாக இழுத்துக்கொண்டே வரும். அந்தப் பாட்டை மட்டும் எங்கள் குழு தொடவே இல்லை. ஆர்கனில் அதற்குப் பட்டன் கிடையாது. அதை மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தாடையைத் தடவினார்.

"அந்தக் கர்ர்ருனு வர்றது உன்னால முடியுமா?"

"முடியும்."

"ரெக்கார்டு மாதிரியே வரணும். வந்துச்சுன்னா நீ இரு. வைகாசி முகூர்த்தத்துக்குள்ள கொண்டா."

முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, அது எப்படி வருகிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. வெளிநாட்டில் அதற்கென்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிறகு ஒரு பழைய ஆங்கில ரேடியோ பத்திரிகையில் அதன் சர்க்யூட் படம் கிடைத்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், இரண்டு மூன்று கண்டன்சர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. கிட்டாரிலிருந்து வரும் சிறு மின்னோட்டத்தை இரண்டு டிரான்சிஸ்டர்களும் தாங்க மாட்டாத அளவுக்குப் பெருக்க வேண்டியது. தாங்க மாட்டாமல் அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுப் போகும். அந்த வெட்டுதான் உறுமல். பெருக்கியில் இதெல்லாம் வரக்கூடாத குற்றம் என்று பாடப் புத்தகம் சொல்லும். வருடா வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு நான் அதை எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடம் சாமான் வாங்கப் போனேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"சார், கெட்டுப்போன சத்தத்தச் சரி பண்ணத்தான் எல்லாரும் இங்க வாராக. நல்லா இருக்கிற சத்தத்தக் கெடுக்கக் கேக்குறீக. வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

அவர் கொடுத்தது புதிய சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள். கறுப்பாக, பளிச்சென்று, எல்லாம் ஒரே அச்சு. அவற்றை வைத்துப் பற்றவைத்து, கிட்டாரைச் செருகி, பழைய வால்வு ரேடியோவில் இணைத்துத் தந்தியைத் தட்டினேன். தகர டப்பாவுக்குள் குளவியை அடைத்தது போலிருந்தது. சத்தம் வந்தது, உறுமல் வரவில்லை. எரிச்சல் மட்டும் வந்தது. என் மனைவி பக்கத்து அறையில் மாணவிகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவளும் ஆசிரியைதான், வேறு மிஷன் பள்ளியில் தமிழ். எட்டிப்பார்த்து, "என்னங்க, பல் டாக்டர் வீட்டுக்கு வந்துட்டாரா?" என்றாள்.

பத்திரிகைப் படத்தில் போட்டிருந்தது ஜெர்மானியம். அது அப்போதே பழைய சரக்கு. செத்துப்போன கைரேடியோக்களுக்குள்தான் கிடைக்கும். எனவே செத்த ரேடியோக்களைத் தேட ஆரம்பித்தேன். பழைய சாமான் கடைகளில், சக ஆசிரியர்களின் பரண்களில், சபையில் ஒரு மூப்பரின் வீட்டு அலமாரியில். மூப்பர், "இதில் செய்தி மட்டும்தான் கேட்டேன்" என்று ஏதோ பாவமன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு ரேடியோவின் வயிற்றையும் கிழித்து, சின்னத் தகரத் தொப்பி போட்ட மூன்று கால் டிரான்சிஸ்டர்களை அதிகச் சூடு படாமல் கழற்றினேன். ஒரே எண் அச்சிட்ட பத்து டிரான்சிஸ்டர் பத்துக் குணம். ஒன்று முக்கி முனகும். ஒன்று கத்திவிட்டு நடுவில் மூச்சை நிறுத்தும். ஒன்று சும்மா கருவாடு வறுக்கும். தொழிற்சாலைக்காரன் எண்ணை எதைப் பார்த்துக் குத்தினான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வகுப்பு என்று சொல்லி அடைத்துவைக்கிற எங்கள் பள்ளிக்கூட வழக்கம்தான்.

ஒவ்வொன்றையும் பற்றவைத்துக் கழற்றினால் கால் ஒடிந்துவிடும். எனவே மூன்று ஓட்டை போட்ட ஒரு சிறு சாக்கெட்டைப் பொருத்தி, செருகுவதும் பிடுங்குவதுமாக இருந்தேன். பேட்டரியைத் தலைகீழாக மாட்டிச் சிலவற்றைக் கொன்றேன். ஜெர்மானியத்துக்கு எர்த் இணைப்பு பேட்டரியின் பிளஸ் பக்கம் என்பதை நான் மறந்துபோனது எல்லாம் நல்ல டிரான்சிஸ்டர் மாட்டியிருந்தபோதுதான். முதல் இடத்துக்கு ஒன்று பொருந்தினால் இரண்டாம் இடத்துக்கு ஆள் கிடைக்காது. ஜாதகம் பார்த்தது போல ஒரு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கிளம்பும் முன், காலை வெயில் ஏறாத நேரத்தில், மூப்பர் வீட்டு ரேடியோவின் டிரான்சிஸ்டரை இரண்டாம் சாக்கெட்டில் செருகிவிட்டுத் தந்தியைத் தட்டினேன். என் முழங்கையிலிருந்து பிடரி வரைக்கும் புல்லரித்தது. தடித்த, இளஞ்சூடான ஓர் உறுமல் வந்து வால்வு ரேடியோவின் முகப்புத் துணி முழுவதும் நடுங்கியது. விரலை எடுத்தும் அது போகவில்லை. சன்னமாகி, பிசிறாகி, கடைசியில் சாதாரணத் தந்தியாகக் கரைந்து நின்றது. அந்தப் பாட்டின் பிட்டை வாசித்தேன். அப்புறம் எந்தப் பாட்டிலும் இல்லாத எதையோ வாசித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை, இதில் சொல்ல வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனைவி பைபிளும் கையுமாக வாசலில் நின்றிருந்தாள்.

"இப்பத்தான் அது அழுகுற மாதிரி இருக்கு," என்றாள். "இம்புட்டு நாளும் கத்துச்சு."

அன்றைக்கு ஆராதனைக்குத் தாமதமாகப் போனோம். திரும்பி வந்து மத்தியானம் மறுபடியும் தட்டினேன். செத்துக்கிடந்தது. பிசிறு இல்லை, உறுமல் இல்லை, ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து புர் என்று ஒரு முனகல். எல்லா இணைப்பையும் பற்றவைத்துப் பார்த்தேன். பேட்டரி மாற்றினேன். சாயங்காலம் தானாகவே உயிர்பெற்றது. மறுநாள் காலை நன்றாக வாசித்தது, மத்தியானம் செத்தது. எனக்கு இது மூன்றாம் நாள்தான் உறைத்தது. எங்கள் வீட்டுக்கு மேலே சிமெண்டு ஷீட்டுக் கூரை. மதுரைச் சித்திரை வெயில். ஜெர்மானியத்துக்குச் சூடு ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறும், டிரான்சிஸ்டர் வேலையை மறக்கும். இது இரண்டு மதிப்பெண் கேள்வி. நானே எத்தனையோ முறை கேட்டு, எழுதாத பிள்ளைகளை நிற்கவைத்திருக்கிறேன்.

ஈரத்துணியைச் சுற்றிப் பார்த்தேன். உயிர் வந்தது. ஆக இந்தச் சத்தம் குளிர்தேசத்துக்காரன் கண்டுபிடித்த சத்தம். அதை எங்கள் தல்லாகுளத்து வெயிலில் வாசிக்க வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், கொத்தமல்லிக் கட்டு மாதிரி. இருந்தாலும் விடவில்லை. எல்லாவற்றையும் என் மனைவியின் அலுமினிய டிபன் டப்பாவுக்குள் அடக்கினேன். ஓட்டை போட்டு ஒரு பக்கம் கிட்டார் வயர், ஒரு பக்கம் ஆம்ப்ளிஃபயர் வயர், மூடியில் ஒரு சுவிட்ச். அவள் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை வாழை இலையில் கட்டிக்கொண்டு போனாள்.

காளவாசல் மாடியறையில் ஒரு காலை நேரம் ஒத்திகைக்கு எடுத்துப்போனேன். மாஸ்டர் ரெக்கார்டைப் போட்டார், ஊசியைத் தூக்கினார். நான் வாசித்தேன். மறுபடி ஊசியை வைத்தார், தூக்கினார், நான் வாசித்தேன். அக்கார்டியனைத் தோளிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இதாண்டா ரெக்கார்டு," என்றார். மருமகன் ஆர்கனுக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டன்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நீ எங்கயும் போக வேணாம் மாப்ள. வைகாசியில திருப்பரங்குன்றத்துக் கல்யாணத்துல இத இறக்குறோம்."

"மாஸ்டர், இதுக்கு வெயில் ஆகாது."

"வெயில் யாருக்குத்தான் ஆகும்?" என்றார்.

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளென்றால் யார் கல்யாணத்துக்கு வந்தோம் என்பதை மொய் எழுதும் இடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மண்டபத்துக்கு மண்டபம் மாப்பிள்ளைகள். எங்களுக்கு அமைந்தது காளவாசல் பக்கத்து விவசாயக் குடும்பம், வசதியான இடம். மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டு மேடை. சாயங்காலம் வரவேற்பு. வேனை வெயிலில் நிறுத்திவிட்டு எல்லோரும் காப்பி குடிக்கப் போனார்கள். நான் டப்பாவை எடுத்துப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது.

பந்தலில் குழாய் ஸ்பீக்கர்களைச் சவுக்குக் கம்பத்தில் கட்டிவிட்டு, மைக் செட்காரர் ரெக்கார்டு போட்டுக்கொண்டிருந்தார். மதுரை வட்டாரத்தில் மைக் செட்காரர்களின் மிதப்பே தனி. பெண்ணைப் பெற்றவர்கூடக் கொஞ்சம் குனிந்துதான் பேசுவார். இவர் குழாய்களின் அடியில் சத்தம் எழுப்பும் யூனிட்டுகளைப் புதிதாக மாட்டியிருந்தார். வந்தவர் போனவரிடமெல்லாம், "எல்லாம் புது யூனிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் நின்ற நேரத்தில் அவர் போட்டிருந்த ரெக்கார்டு எது தெரியுமா? அதே பாட்டு. அந்தக் கிட்டார் பிட்டு குழாய்களிலிருந்து மலைப் பக்கமாக உறுமிக்கொண்டு போயிற்று. அவர் பீடியும் கையுமாகக் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் இதே குழாயில் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன்.

டப்பாவைக் குளிரவைக்க வேண்டுமே. சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ரோஸ்மில்க்குக்காக மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளங்கள் இருந்தன. டப்பாவைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஒரு பாளத்தின் மேல் வைத்தேன். ரோஸ்மில்க் கலக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"சோத்து டப்பாவ எதுக்கு சார் ஐஸ்ல வைக்கிறீங்க? பந்தியிலயே சாப்பிடலாமே."

"இது சாப்பாடு இல்லண்ணே. டிரான்சிஸ்டர்."

அவர் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். "பாட்டு ஒண்ணும் வரலையே," என்றார். ஒரு மணி நேரம் காவல் காத்தேன்.

எங்கள் முறை வந்ததும் சொட்டச் சொட்ட டப்பாவை எடுத்துப்போய் மேடையில் காலடியில் வைத்தேன். மாஸ்டர் மைக்கில் பாட்டை அறிவித்ததும் கூட்டம் விசிலடித்தது. முன்வரிசைக் கைகட்டிகள் நிமிர்ந்து நின்றார்கள். பல்லவி முடிந்தது. குனிந்து சுவிட்சைப் போட்டேன். தந்தியைத் தட்டினேன்.

வந்தது. ஐயா, அப்படி வந்தது. புது யூனிட் என்றால் புது யூனிட்தான், மாடியறையில் வந்ததைவிடப் பெரிதாக, முழுதாக வந்தது. அரை வரி வாசித்திருப்பேன். அத்தனை குழாயும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டன.

மைக் செட்காரர் பாய்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் திருகை ஒரேயடியாக இறக்கிவிட்டிருந்தார். பாடகன் சரணத்துக்குத் தயாராக வாயைத் திறந்தபடி நின்றான். டிரம்ஸ் மட்டும் தகரத்தைத் தட்டுவது போலத் தனியாக ஓடி, அதுவும் நின்றது. மைக் செட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சவுக்குக் கம்பத்தில் ஏறி, ஒவ்வொரு குழாய்க்குள்ளும் காதை விட்டுப் பார்த்தார். "யூனிட்டு கிழிஞ்சிருச்சு, யூனிட்டு கிழிஞ்சிருச்சு" என்று மேலேயிருந்து கத்தினார். பெண்ணின் அப்பா சந்தனம் பூசிய நெஞ்சோடு மேடைக்கு முன்னால் வந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என்னய்யா இது, நல்ல காரியத்துல கிழிஞ்ச சத்தம்?"

நான் மாஸ்டரைப் பார்த்தேன். "சொல்லுங்க மாஸ்டர். ரெக்கார்டுல இருக்கிற சத்தந்தானே இது."

அவருக்குத் தெரியும். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவரே சொன்னதுதான். பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். கம்பத்தின் மேலிருந்த மைக் செட்காரரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குழாய்க்கு உயிர் வந்ததும் மைக்கைப் பிடித்து, குழைந்த குரலில் சொன்னார்: "பெரியோர்கள் மன்னிக்கணும். கிடார்ல சின்ன ரிப்பேரு. இப்பச் சரியாயிரும்."

மைக் செட்காரர் இறங்கி வந்து என்னிடம் கோபப்படவில்லை. அனுதாபப்பட்டார், அதுதான் கொடுமை. "வாத்தியாரா இருக்கீங்க. கிடாரு கிழிஞ்சிருந்தா சொல்ல வேணாமா சார்? யூனிட்டு போயிருந்தா என்னாகும்?"

"நாலு மணிக்கு நீங்க இதே பாட்டப் போட்டீங்களே. அதுலயும் இதே சத்தம் வந்துச்சே."

"அது ரெக்கார்டு சார்," என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்குப் புரியவைக்கிற பொறுமையோடு சொன்னார். ரெக்கார்டில் உறுமினால் அது பாட்டு, என் கையில் உறுமினால் அது ரிப்பேர். அப்படித்தான் அந்தப் பந்தலில் எல்லோரும் கேட்டார்கள், மாஸ்டர் உட்பட. மாஸ்டர் மருமகனுக்குக் கண்ணைக் காட்டினார். பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள். பிட்டு வரும் இடத்தில் அவன் பட்டனை அமுக்கினான். வழவழவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்தது போல ஒன்று வந்தது. ரெக்கார்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. முன்வரிசையில் ஒருவன், "ஒன்ஸ் மோர்" என்றான். என் காலடியில் டப்பாவிலிருந்து தண்ணீர் ஒழுகி ஜமுக்காளத்தில் பரவிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது வேனில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைவிடப் பெரிய மனதுக்காரர்.

"நீ போயிராத மாப்ள. மேடையில கிடாரு நிக்கிறது பாக்க அம்சமா இருக்கு. கேக்குறாக, கிடாரு இருக்கான்னு கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்குறாக. நீ வழக்கம்போல நில்லு, கைய ஓட்டு. வயரு மட்டும் வேணாம். சத்தத்த மருமகன் பாத்துக்கிருவான்."

வீட்டில் சொன்னேன். "அதுக்கு ஜவுளிக்கடை பொம்மைக்குச் சட்டையப் போட்டு நிறுத்தலாமே" என்றாள் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அடுத்த கச்சேரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மேடை எனக்கு வேண்டியிருந்தது. விளக்கு, விசில், அந்தப் பளபளச் சட்டை எல்லாம் வேண்டியிருந்தன. அவர்களைக் கண்டால் எனக்கு எவ்வளவு இளக்காரமோ, அவர்கள் முன்னால் நிற்க அவ்வளவு ஆசையும் இருந்தது.

அது திருவாதவூரில் ஒரு கோயில் விழா. ஆடி மாதம், காற்று பந்தலைத் தூக்கித் தூக்கி அடித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கினார்கள். அந்தப் பாட்டும் வந்தது. வயர் இல்லாத கிட்டாரில் நான் விரலை ஓட்டினேன். ஒரு பிசகு இல்லாமல் ஓட்டினேன், அதுவாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று. மருமகன் பட்டனை அமுக்கினான். பிட்டு முடிந்ததும் கைதட்டல். விழாக்காரர்களில் ஒருவர், வயசானவர், வெற்றிலை வாயோடு மேடையேறி வந்தார். மருமகனைத் தாண்டி, மாஸ்டரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, ஒரு புதுத் துண்டை உதறி என் கழுத்தில் போட்டார்.

"கிடாருன்னா இது கிடாரு," என்று கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார். என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாஸ்டர் பின்னாலிருந்து, கும்பிடு, கும்பிடு என்று ஜாடை காட்டினார். கும்பிட்டேன்.

அடுத்த பாட்டை ஆரம்பித்தார்கள். அதிலும் கிட்டார் உண்டு. முதல் சரணம் போய்க்கொண்டிருக்கும்போதே வாரைக் கழற்றி, கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவைத்துவிட்டு, பக்கவாட்டுப் படியில் இறங்கினேன். பொங்கல் வைத்த அடுப்புகளுக்குப் பின்னால், கழற்றிவிட்ட செருப்புகளைத் தாண்டி, பந்தலின் கடைசிக் கம்பத்துக்கு வந்திருப்பேன். மேடையில் கிட்டார் பிட்டு ஆரம்பித்தது. சுத்தமாக, தாளம் தப்பாமல் கடைசி வரைக்கும் வந்தது. கூட்டம் கைதட்டியது.